செவுத்துக்கு அந்தப்பக்கத்து நெட்டு

வாங்க தம்பி, வாங்க. ஏணியை வாசல்லயே சாத்திப்போட்டு உள்ள வாங்க. காலையில இருந்து உங்களுக்காவத்தான் உக்காந்திருக்கறனுங்க. உங்க கம்பெனியில கூப்புட்டு, நாளன்னிக்குத்தான் ஆளு வருமுன்னாங்க. நாளன்னிக்கு வந்து என்னத்தப் பண்றது? நாளைக்குப் பதினோரு மணிக்குக் கேசுங்க. வீடியோவுலதான் விசாரணை. அதுக்குள்ள இந்த ஊட்டுல நெட்டு ஓடியாகோணும். ஓடலைன்னு வெய்யுங்க, கேசுல நான் ஜெயிச்சுப்போடுவனுங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஜெயிக்கக் கூடாதுன்னுதான் உங்களை இந்த வெயில்ல வரச் சொன்னது. மொதல்ல மோரு குடிங்க. அந்தச் சேரு வேண்டாம், இதுல உக்காருங்க. செவுத்தோரமா இருக்கறது கேசுச் சேரு. அதுல நான் மட்டுந்தான் உக்காருவேன், அதுவும் வாய்தா அன்னைக்கு மட்டுந்தான். வயரை அப்பறம் இழுக்கலாம். விசயம் தெரியாம இழுத்தீங்கன்னா தப்பா இழுத்துப்போடுவீங்க.

இந்தச் செவுரைப் பாருங்க. இதுதான் கேசு. இந்தக் கூடம் மொதல்ல ஒரே கூடமா இருந்துச்சுங்க. எங்கப்பன் நாட்டுச்சக்கரை யாவாரத்துல கட்டுனது. அவரு போனதுக்கப்பறம் பாகம் பிரிச்சோம். நடுவால இந்தச் செவுரை வெச்சோம். இந்தப் பக்கம் நான், சென்னியப்பன். அந்தப் பக்கம் எங்கண்ணன் அர்த்தநாரி. பாகம்னா சும்மா இல்லீங்க, அப்புடி ஒரு பாகம். வாசல்ல ரெட்டைக் கதவு இருந்துச்சு, ஆளுக்கொரு கதவு எடுத்துக்கிட்டோம். எனக்கு நாதாங்கி இருக்கற கதவு வந்துச்சு, அவருக்குக் கொண்டி இருக்கற கதவு போச்சு. அன்னையில இருந்து ரெண்டு ஊட்டுலயும் கதவு ஒழுங்காச் சாத்துனதே இல்லீங்க. ஆனாலும் ஞாயம்னா ஞாயந்தான்.

செவுரு ஒம்போது இஞ்சு. அது முழுசும் என்ற எடத்துல நிக்குதுன்னு நான் சொல்றேன். முழுசும் அவரு எடத்துல நிக்குதுன்னு அவரு சொல்றாரு. நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரு செவுரு ரெண்டு பேரு எடத்துல முழுசா நிக்குமா? அதுதான் கேசு. ஒம்போது வருசமாச்சுங்க நாங்க பேசி. ஆனா அண்ணனைப் பத்தி நான் ஒரு வார்த்தை மரியாதைக் கொறவாச் சொன்னதில்லை. கேடு கெட்டவருங்க அவரு. சரியான களவாணிங்க. என்ன பண்றது, மூத்தவரு பாருங்க.

கொஞ்சம் சத்தமாவே பேசறனுங்களா? வேணும்னேதான். அந்தப்பக்கம் கேக்கட்டும்.

போன வருசம் எங்க வக்கீல் தெய்வசிகாமணி கூப்புட்டாரு. இனிமே வாய்தாவுக்கு ஈரோடு வர வேண்டாமுங்க, ரெண்டு கட்சிக்காரரும் ஊட்டுல இருந்தபடியே வீடியோவுல வரலாம்னு ஜட்ஜம்மா சொல்லிட்டாங்கன்னாரு. எனக்குப் பெரிய சந்தோசம். செல்லைத் தூக்கிக்கிட்டு மச்சுக்குப் போனேன். எங்கூட்டுல செல்லுக்கு டவரு மச்சுல தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல மட்டுந்தான் கெடைக்கும். காத்துன்னா காத்து. நான் பேசறதை விடக் காக்காய்தான் அதிகம் பேசுச்சு. ஜட்ஜம்மா எங்க வக்கீலைக் கூப்புட்டு, உங்க கட்சிக்காரரோட மூக்கும் தண்ணித்தொட்டியுந்தான் தெரியுது, ரெண்டுல யாரு வாதின்னு கேட்டாங்களாம். வக்கீலுக்கு மானம் போச்சு. பெரிய செல்லாட்ட டேப்புன்னு ஒண்ணு விக்கறாங்க, நல்லதா ஒரு டேப்பு வாங்குங்க, ஊட்டுக்குள்ள உக்காந்து பேசுங்கன்னுட்டாரு.

டேப்புன்னா எது நல்லதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? அப்பத்தான் ஒரு நாள் குப்பை வண்டி வந்துச்சு. எங்கண்ணன் ஊட்டுக் குப்பைக்கு மேல ஒரு வெள்ளை அட்டைப்பொட்டி. டேப்பு படம் போட்டிருந்துச்சு. எடுத்துட்டு வந்து அடிக்கோல் வெச்சு அளந்தேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க, நான் குப்பையில போட்டதையும் அளந்தனுங்க. பத்து இஞ்சுன்னு பொட்டியிலயே எழுதியிருந்துச்சு, இருந்தாலும் எங்கண்ணன் ஊட்டுச் சாமான்ல எழுதுனதை எப்புடி நம்பறது?

அடுத்த நாளே ஈரோடு போயிட்டேன். கடையில ஒரு அம்முணி இருந்துச்சு, நல்ல பொறுமைசாலி. எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க சார்னு கேட்டுச்சு. பங்காளிக் கேசுக்குன்னேன். மெமரி எவ்வளவு வேணுமுன்னுச்சு. எங்கண்ணன் செஞ்சதெல்லாம் எனக்கே ஒண்ணு விடாம ஞாபகம் இருக்குது, அந்தப் பொட்டிக்கு எதுக்கு அம்முணின்னேன். சரி சார், சிம்மு போடறதா, வை-பை மட்டும் போதுமான்னுச்சு. அட்டைப்பொட்டியைக் கையோட கொண்டு போயிருந்தேன், எடுத்துக் காட்டி, இதுல என்ன இருக்குதோ அதேதான் வேணும், ஆனா இதை விட ஒரு இஞ்சு பெருசா வேணும்னேன். அது வை-பை மட்டும் சார், சிம்மு போட முடியாது, உங்க ஊட்டுல நெட்டு இருக்குதான்னு கேட்டுச்சு. இருக்கும்னேன். வை-பைன்னா சார்ஜர் மாதிரி அந்தப் பொட்டிக்குள்ளயே வெச்சுக் குடுப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன் தம்பி. அந்தம்முணி பாவம், அதைத் தப்பு சொல்லக் கூடாது.

கெளம்பறப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு. இந்தப் பதினோரு இஞ்சுல பேசுனா, ஜட்ஜம்மாவுக்கு நான் எங்கண்ணனை விடப் பெருசாத் தெரிவனான்னு கேட்டேன். அப்புடி இல்லீங்க சார், அவரைத்தான் நீங்க பெருசாப் பாப்பீங்கன்னுச்சு. எனக்குச் சப்புன்னு போச்சு. அப்பறம் அதுவும் நல்லதுக்குத்தான்னு வாங்கிட்டேன். பொய் சொல்றவரு மூஞ்சியைப் பெருசாப் பாத்தாத்தான வசதி.

ஊட்டுக்குக் கொண்டாந்ததும் எங்கூட்டுக்காரி பாவாயி சாமி படத்துக்கு முன்னால வெச்சுச் சூடம் காட்டுனா. சந்தனம் வெச்சுக் குங்குமம் வெக்கோணுமல்ல? நெத்தி எங்க இருக்குதுன்னு பாத்தா, மேல நடு மத்தியில சின்னதா ஒரு வட்டம். பொட்டு வெக்கறதுக்குன்னே வெச்ச மாதிரி இருந்துச்சு. கரெக்டா அதுமேலயே வெச்சுட்டா. வேற எங்க வெப்பாங்க? ஏனுங்க தலையில அடிச்சுக்கறீங்க? கேளுங்க, அதுக்கும் வரேன்.

டேப்பைப் போட்டேன். நெட்டு எங்கன்னு கேட்டுச்சு. நெட்டு இல்லைன்னு நான் சொல்றதுக்குள்ள அதுவே தேடி எடுத்து, 'அர்த்தநாரி இல்லம்'னு பேரு காட்டுச்சு. எனக்கு எப்புடி இருந்திருக்கும்? என்ற ஊட்டுல, என்ற கூடத்துல, நான் வாங்கிட்டு வந்த டேப்புல எங்கண்ணன் பேரு. ஒம்போது வருசமா அந்தப்பக்கத்து ஈயைக் கூட இந்தப்பக்கம் விட்டதில்லீங்க நானு. அவரு நெட்டு பாட்டுக்கு உள்ள வந்து உக்காந்துக்கிட்டு இருக்குது.

உடனே வக்கீலைக் கூப்புட்டேன். அத்துமீறி நுழைஞ்சதுன்னு இன்னொரு கேசு போடுங்கன்னேன். காத்துக்கெல்லாம் பட்டா இல்லீங்கன்னாரு. அப்ப அவரு ஊட்டுத் தென்னை மரத்துல இருந்து என்ற ஊட்டுல தேங்கா உழுந்தா அது யாரு தேங்கான்னு கேட்டேன். பொதுவா உழுந்த எடத்துக்காரருதும்பாங்கன்னாரு. அதுக்கு மேல அவரைப் பேச உடலீங்க. போனை வெச்சுட்டேன். ஞாயம் தெரிஞ்சு போச்சல்ல? என்ற ஊட்டுல உழுந்த நெட்டு என்ற நெட்டு. அந்தப் பேரை அமுத்துனேன். பூட்டு கீட்டுன்னு ஒண்ணும் கேக்கலீங்க தம்பி. தொறந்துக்கிச்சு. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. கரண்டாபீசுல முப்பது வருசம் வேலை பாத்த மனுசன், நெட்டுக்குப் பூட்டுப் போடத் தெரியாம தொறந்து வெச்சிருக்கறாரு. ஊரான் ஊட்டு நெய்யே, என்ற பொண்டாட்டி கையேன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு, கோடு ஒண்ணே ஒண்ணுதான் காட்டுச்சு. நாடகம் பாத்தா வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பாவாயிகிட்ட ரெண்டு நாளா இதையே பொலம்பிக்கிட்டு இருந்தேன். மூணாவது நாள் பாருங்க, அந்தப்பக்கத்துல இருந்து டர்ர்னு டிரில்லு ஓடற சத்தம். செவுத்தையே ஓட்டை போடறாருங்க. கேசுல இருக்கற செவுரு. கையே வெக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குது. உடனே வக்கீலுக்குப் போன். அவரு, ஒரு ஆணி அடிக்கறதுக்கெல்லாம் மனுப் போட முடியாதுங்கன்னாரு. ஆனா சாமி இருக்குதுங்க. அந்த டிரில்லு ஓடுனதுல செவுரு விரிசல் விட்டுப்போச்சு போல. அன்னையில இருந்து நெட்டு இந்தப்பக்கம் ஒழுவ ஆரம்பிச்சுருச்சு. கோடு எல்லாமே முழுசு. அவரு வெட்டுன குழியில அவரே உழுந்தாரு.

என்ன சொல்றீங்க? நெட்டுப் பொட்டியைக் கொண்டாந்து இந்தச் செவுத்துல மாட்டியிருப்பாரா? எதுக்குங்க மாட்டோணும்? அவரு பொழங்கறதெல்லாம் அக்கட்டால, அந்தக் கோடி அறையில, அவுங்க டீவியும் அக்கட்டத்தான் இருக்குது. இந்த மூலையில மாட்டுனா அவருக்கு என்ன லாபம்? இல்லீங்க தம்பி. உங்களுக்கு நெட்டு தெரியும், எங்கண்ணனைத் தெரியாது.

மோரு இன்னொரு டம்ளரு ஊத்தட்டுங்களா? சாப்புட்டுட்டே போலாம். பாவாயி கொள்ளுப்பருப்பு கடைஞ்சிருக்கறா. முந்தியெல்லாம் அவ கடைஞ்சா வாயில வெக்க முடியாது. இப்ப நாலஞ்சு வருசமா, அப்புடியே எங்கண்ணி ருக்குமணி கைப்பக்குவம். அதே பூண்டு, அதே தாளிப்பு. சண்டை வந்ததுக்கப்பறம் ரோசத்துல கத்துக்கிட்டாளாட்ட இருக்குது. கிண்ணங் கூட அவுங்க ஊட்டுக் கிண்ணம் மாதிரியே வாங்கி வெச்சிருக்கறா. பொம்பளைங்க பிடிவாதம் அப்புடி.

சரி, கேசுக்கு வர்றேன். டேப்புல மொத வாய்தா. வெள்ளைச் சட்டை போட்டு, செவுத்தோரமா சேரைப் போட்டு உக்காந்தேன், கோடு அங்கதான முழுசு. ஜட்ஜம்மா வந்தாங்க. வக்கீலுங்க வந்தாங்க. ஜட்ஜம்மா, வாதிப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே, செக்கச்செவேல்னு இருக்குது, எங்க உக்காந்திருக்கறாருன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் நல்லாத்தான உக்காந்திருக்கறேன்? அந்நேரத்துக்குச் செவுத்துக்கு அந்தப்பக்கம் எங்கண்ணன் சத்தமா எங்கண்ணிகிட்டச் சொல்றாரு, "ருக்குமணி, கேமராவுல பொட்டு வெச்சிருக்குதாட்ட இருக்குது, தொடைக்கோணும்" அப்புடீங்கறாரு. அவரு டேப்புக்கும் எங்கண்ணி பொட்டு வெச்சுட்டாங்க போல. பாருங்க, ரெண்டு ஊட்டுப் பொம்பளைங்களும் ஒரே மாதிரி. நானும் எதுக்கும் இருக்கட்டும்னு துண்டெடுத்து என்றதைத் தொடைச்சேன். ஜட்ஜம்மா, ஆங், இப்பத் தெரியறாருன்னாங்க. அவரு சொன்னதைக் கேட்டு நான் பொழைச்சுக்கிட்டேன். அது அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அப்பறம் வந்துச்சு பாருங்க பெரிய ரோதனை. எங்கண்ணன் பேசுனா மொதல்ல செவுத்து வழியாக் கேக்குது, அப்பறம் டேப்பு வழியா இன்னொருக்காக் கேக்குது. நான் பேசறது அவரு டேப்புல போயி, அங்கிருந்து செவுத்துல வந்து, மறுபடி என்ற டேப்புக்குள்ள போவுது. கோர்ட்டு பூரா கெணத்துக்குள்ள கத்துன மாதிரி ஆயிப்போச்சு. ஜட்ஜம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இல்லீங்கம்மா, நடுவுல செவுரு இருக்குதுங்க"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னோம்.

"யாரோட செவுரு?"

"அதுதாங்கம்மா கேசு"ன்னோம். அதுவும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

ஜட்ஜம்மா, ஒருத்தராவது மைக்கை அமுத்துங்கன்னாங்க. எனக்கு அது எங்க இருக்குதுன்னு தெரியாது. மறுபடியும் அந்தப்பக்கத்துல எங்கண்ணன் எங்கண்ணிக்குப் பாடம் எடுக்கறாரு. கீழ இடது பக்கம் மைக்குப் படம் இருக்குது, ஒருக்கா அமுத்துனாப் போதும், மறுபடி பேசோணும்னா மறுபடி அமுத்தோணும், பொறுமையா அமுத்தோணும்னு நாலு தடவை சொல்றாரு. எங்கண்ணி பாவம், அவ்வளவு மந்தம் இல்லை. அவுங்க பத்தாவது வரைக்கும் படிச்சவுங்க. நாலு தடவை எதுக்குச் சொல்றாருன்னு தெரியலை. நான் மொதத் தடவையே களவாண்டு அமுத்திப்போட்டேன்.

சத்தம் நின்னுதுங்களா? அப்பத்தான் எங்கண்ணன் மூஞ்சியைப் பாத்தனுங்க. பதினோரு இஞ்சுல. ஒம்போது வருசமாப் பக்கத்து ஊடுதான். ஆனா அவரு வெளிய வந்தா நான் உள்ள போயிருவேன், நான் வெளிய வந்தா அவரு உள்ள போயிருவாரு. முதுகைப் பாத்திருக்கறேன், வேட்டியைப் பாத்திருக்கறேன். மூஞ்சியைப் பாக்கலை. கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சுங்க. முன்பல்லு ஒண்ணு இல்லை. எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியாது. தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு அழுவாச்சி வந்துருச்சு தம்பி. ஜட்ஜம்மா என்னன்னு கேட்டாங்க. தூசிங்கம்மான்னு சொன்னேன், ஆனா மைக்கு அமுத்தியிருந்ததுனால அவுங்களுக்குக் கேக்கலை.

அதுக்கப்பறம் வாய்தா வருதுன்னா மூணு நாளைக்கு முன்னாலயே எனக்கு ஒரு இது. சவரம் பண்ணிக்குவேன். சட்டையை இஸ்திரிப் பொட்டி போட்டு வெப்பேன். பாவாயி கூட, பொண்ணு பாக்கப் போறவராட்ட இருக்குதுன்னா. அவளுக்கு என்ன தெரியும், எதிராளி முன்னால எளக்காரமா உக்கார முடியுமா? அவரும் அப்புடித்தான் வருவாரு, தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரிக்கிட்டு. அந்தப் பல்லைக் கட்டிக்கிட்டாரு தெரியுங்களா? ரெண்டாவது வாய்தாவுக்கே கட்டிக்கிட்டு வந்துட்டாரு. நான் உத்துப் பாத்ததைப் பாத்திருப்பாராட்ட இருக்குது.

எங்க வக்கீலுகிட்டச் சொன்னேன், வாய்தாவை மாசக்கணக்குல வாங்காதீங்க, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வர்ற மாதிரி வாங்குங்க, ஆனா கேசு முடியக் கூடாதுன்னு. அது எப்புடீங்க முடியாம இருக்கும்னு கேட்டாரு. ஏதாவது ஒரு பேப்பரைக் கேளுங்கன்னேன். எங்கப்பனோட பத்திரத்தைக் கேட்டாரு, எங்கண்ணன் வக்கீலு தேடறோம்னாரு. தேடட்டுங்கன்னு எங்க வக்கீலும் சொன்னாரு. அடுத்த வாய்தாவுக்கு அவுங்க சர்வேயரைக் கேட்டாங்க, நாங்க சரின்னோம். நாங்க எது கேட்டாலும் அவுங்க எதுத்துப் பேசறதே இல்லீங்க. பயந்துட்டாங்க, வேறென்ன? ஜட்ஜம்மாதான் ஒரு நாளைக்கு, ஒரு கேசுல ரெண்டு பக்கமும் இவ்வளவு ஒத்துமையா இழுத்து நான் பாத்ததில்லைன்னாங்க.

இப்புடி நல்லாப் போயிக்கிட்டு இருந்த கேசுங்க தம்பி. போன வாரம் வக்கீல் கூப்புடறாரு. குரல்ல அப்புடி ஒரு சந்தோசம். ஸ்வீட்டு வாங்கி வெய்யுங்க, நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னாரு. எப்புடீன்னேன். உங்கண்ணன் மெமோ குடுத்துட்டாரு, செவுரு தம்பிக்கே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு, அடுத்த வாய்தாவுல பதினோரு மணிக்குத் தீர்ப்பு வாசிச்சுக் கதையை முடிச்சுருவாங்கன்னாரு. அவரு பையன் ஓசூர்ல ஊடு வாங்கியிருக்கறானாம். ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறானாம். போனாத் திரும்பி வர மாட்டாங்களாம். இந்த ஊட்டைப் பூட்டிப்போட்டுப் போறாங்களாம்.

என்ற அண்ணன் ஓசூர் போறதை எனக்கு வக்கீல் சொல்றாருங்க.

அன்னைக்குச் சாயங்காலமே அந்த நெட்டும் நின்னு போச்சு. டேப்பைப் போட்டா 'அர்த்தநாரி இல்லம்' இல்லை. ஊட்டைக் காலி பண்றவங்க மொதல்ல நெட்டைத்தான் நிறுத்துவாங்களாம், நீங்களே சொல்லுவீங்க. நான் டேப்பைத் தூக்கிக்கிட்டு ஊடு பூரா நடந்தேன். அடுப்படியில போயிப் பாத்தேன், பாத்ரூம்ல போயிப் பாத்தேன். செவுத்துமேலயே ஒட்டி வெச்சும் பாத்தேன். பேரே வரலை. பாவாயி என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. அவளும் நாடகம் பாக்கறவதான, நெட்டு போனா அழுவத்தான செய்வா.

எனக்கு வந்த கோவத்தைச் சொல்லோணுமுங்க தம்பி. ஒம்போது வருசம் ஒருத்தன் உங்ககூடச் சண்டை போட்டுட்டு, பாதியில எந்திரிச்சு வேட்டியை ஒதறிக்கிட்டுப் போறேன்னா என்ன அர்த்தம்? கேசை விட்டுக் குடுக்கறதுக்கு அவரு யாரு? அந்தக் கேசுல எனக்குப் பாதி உரிமை இல்லீங்களா? செவுத்தை விட்டுக் குடுக்கட்டும், அது அவரு இஷ்டம். கேசை எப்புடி விட்டுக் குடுப்பாரு? அவரு அந்தப்பக்கம் இல்லாம இந்தச் செவுத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன, தலையை முட்டிக்கறதா? பெரிய மனுசராம். மானங்கெட்டவருங்க.

அதனால நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு ஜட்ஜம்மா தீர்ப்பு வாசிக்கறதுக்கு முன்னால மைக்கை அமுத்துவேன். இந்தச் செவுரு என்றதில்லீங்கம்மா, எங்கண்ணனுதுதான், எனக்கு வேண்டாமுன்னு சொல்லப் போறேன். வக்கீலுகிட்டச் சொன்னதுக்கு, கழுதை கெட்டாக் குட்டிச்செவுரும்பாங்க, உங்களுக்கு அது கூட வேண்டாமான்னு கேட்டாரு. அவருக்கு இந்தக் கணக்குப் புரியலை. நான் வேண்டாம்னா எங்கண்ணன் சும்மா இருப்பாரா? தம்பி குடுத்து அண்ணன் வாங்கறதான்னு ரோசம் வந்துருமல்ல? எனக்கும் வேண்டாம்னு எந்திரிப்பாரு. நானும் வேண்டாம்பேன். வேணும்னு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா ஒருத்தருக்குக் குடுத்து முடிக்கலாம். வேண்டாம்னு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா எந்தக் கோர்ட்டுங்க முடிக்கும்? இன்னொரு ஒம்போது வருசம் ஓடும். கேசு நடக்கறப்பக் கட்சிக்காரரு ஊட்டை விட்டுப் போக முடியாதல்ல? போலாமுங்களா? வீடியோவுல ஓசூர்ல இருந்தும் வரலாமா? அதை நீங்க அவருகிட்டச் சொல்லிராதீங்க.

இதுல ஒரே ஒரு சிக்கல். நாளைக்கு அவரு கோர்ட்டுக்கு வரோணும். வந்து நான் சொல்றதைக் கேக்கோணும். அவருக்கு இப்ப நெட்டு இல்லை. நெட்டு இல்லைன்னு சாக்குச் சொல்லிட்டு வராம இருந்துட்டா, ஜட்ஜம்மா மெமோவைப் பாத்துப்போட்டு எனக்குத் தீர்ப்பு எழுதிருவாங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்புட்டது.

நெட்டுப் பொட்டியை எங்க மாட்டறதுன்னு கேட்டீங்களே, இந்தச் செவுத்துல மாட்டுங்க. டீவிகிட்ட வேண்டாம், இங்க மாட்டுங்க. அந்தப்பக்கமும் முழுக் கோடு காட்டோணும். பேரு வந்து, பழைய பேரையே வெய்யுங்க. ஆமாங்க, 'அர்த்தநாரி இல்லம்'. ஒருக்காச் சேந்த பேரு மறுபடியும் தெரிஞ்சா, பூட்டு இல்லாம இருந்தா, டேப்பு தானாவே சேந்துக்கும்னு அந்தக் கடை அம்முணி சொல்லியிருக்குது. அவரு டேப்பைப் போட்டாப் போதும், கோர்ட்டுல நிப்பாரு. பூட்டா? பூட்டு வேண்டாமுங்க. தெருவுல போறவனெல்லாம் எடுத்துக்குவானா? எடுத்துக்கிட்டுப் போறான் உடுங்க.

என்ன சிரிக்கறீங்க? அவரு பண்ணுனதும் இதேதானுங்களா? அதெப்புடி அதுவும் இதுவும் ஒண்ணாவும்? அவரு தெரியாமத் தொறந்து உட்ட ஏமாளி. நான் திட்டம் போட்டுப் பண்றேன்.

சரி, எந்திரிங்க. ஆர்டர் இருந்தா இருக்குது. அவரு போட்டப்ப யாரு கேட்டாங்க? இந்தச் சேருமேலயே ஏறி நில்லுங்க, பரவாயில்லை, இன்னைக்குத்தான் வாய்தா இல்லையே. அதா, அந்தக் காலண்டரைக் கழட்டிப்போட்டு அந்த எடத்துல போடுங்க. டிரில்லு பிளக்கை இதுல சொருவுங்க. போடுங்க தம்பி, என்னத்த யோசிக்கறீங்க.

நில்லுங்க. சித்த நில்லுங்க. அதை நிறுத்துங்க.

உங்களுக்குங் கேட்டுச்சுங்களா? இல்லை, எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சுங்களா? எங்கண்ணன் இந்தத் தடவை எங்கண்ணிகிட்டச் சொல்லலீங்க. எங்கண்ணி பேரைச் சொல்லலை. "சென்னீ, அந்த எடத்துல கரண்டு ஒயரு போவுது, இன்னும் கொஞ்சம் மேல போடச் சொல்லு"ன்னாரு. என்ற பேரைத்தானுங்க சொன்னாரு? சென்னீன்னு சொன்னாரல்ல? செவுரு வெச்ச வருசம் ரெண்டு பக்கத்துக்கும் ஒயரு ஓட்டுனது அவருதான், அவருக்குத்தான் தெரியும். நீங்க பாட்டுக்கு அந்த எடத்துல உட்டிருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும்?

எறங்காதீங்க, அப்புடியே நில்லுங்க. கையை எடுக்காதீங்க. எவ்வளவு மேலன்னு அவருகிட்டக் கேளுங்க. ஏன் பாத்துக்கிட்டே நிக்கறீங்க, கேளுங்க தம்பி. நானா? நான் எப்புடிங்க கேக்கறது?

எவ்வளவு மேலங்கண்ணா?